நல்ல காலுக்கு ஒரு மாவுக்கட்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் எப்போது கூட்டம் வரும் என்று தெரிந்துகொள்ள டாக்டரைக் கேட்க வேண்டியதில்லை. டியூட்டி ரூம் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்தால் போதும். வளர்பிறை முகூர்த்தம் என்று போட்டிருக்கும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் கட்டில்கள் நிரம்பத் தொடங்கும். முகூர்த்தம் முடிந்த மறுநாள் ஒவ்வொன்றாகக் காலியாகும். ஆடி மாதம் பாதி வார்டு ஈயாடும். மன நோய்க்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. பேஷண்டைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் தெரியும்.

சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பின் ஆர்ச்சைத் தாண்டி வடலூர் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் கட்டடம். கீழே ஆண்கள், மேலே பெண்கள், எல்லாம் சேர்த்துப் பதினாறு கட்டில். மன நோயையும் குடியையும் பார்க்கிற சின்ன தனியார் ஆஸ்பத்திரி. குவார்ட்டர்ஸ்காரர்கள் எங்களைத் தேடி வருவதற்கு எங்கள் கைராசி காரணமில்லை. ஆர்ச்சுக்கு வெளியே இருக்கிறோம், தெரிந்தவர் கண்ணில் பட மாட்டோம் என்ற நிம்மதிதான் காரணம். அப்படியும் வாசலில் நின்று ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் என்றால் தம்பியைக் கொண்டுவந்து விடுவார்கள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள் என்றால் நாத்தனாரைக் கொண்டுவந்து விடுவார்கள். ஒருமுறை காதுகுத்துக்கு ஒரு பெரியவரை விட்டுவிட்டுப் போய், மறுநாள் கிடா வெட்டின பிரியாணியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார்கள். "நாலு பேர் வர்ற எடம் சிஸ்டர், ரெண்டே நாள் வச்சிக்குங்க" என்பார்கள். என்னமோ கட்டிலடியில் தள்ளிவைக்கிற பழைய ட்ரங்குப் பெட்டி மாதிரி.

இதற்கு முகூர்த்த அட்மிஷன் என்று பெயர் வைத்ததே நான்தான். ஷிப்ட் மாறும்போது அடுத்த சிஸ்டரிடம் பேஷண்டுகளை ஒப்படைப்போம் இல்லையா, அப்போது "மூணாம் நம்பர் முகூர்த்தம், தொந்தரவு இல்ல" என்று சொல்லிச் சிரிப்போம். தொந்தரவு எப்படி இருக்கும்? நோய் அடங்கி, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, நம்மை மாதிரி பேசிக்கொண்டிருப்பவர்களைத்தான் இப்படிக் கொண்டுவந்து விடுகிறார்கள். பதின்மூன்று வருஷம் இந்தச் சிரிப்பைச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் மேலேயே கடுப்பாக இருக்கிறது.

குடிக்கிறவர்களை யாரும் இப்படி மறைப்பதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த ஒருவர் கீழ் வார்டில் நாற்பது நாள் இருந்து குடியை விட்டார். குடித்துக்கொண்டிருந்த வருஷமெல்லாம் அவருடைய தெருவில் பந்தல் போடுவது முதல் பாடை கட்டுவது வரை அவர்தான் முன்னால் நிற்பார். விட்ட பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகைகூட வரவில்லை. ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தவர் ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "குடிச்சிகினு இருந்தப்ப எல்லாருக்கும் நான் மாமா. இப்ப என்னைப் பார்த்தா, அந்த ஆஸ்பத்திரில இருந்தவன்னு ஒதுங்கிப் போறாங்க. நான் பேசாம குடிச்சிகினே இருந்திருக்கலாமாங்க?" நான் அவரைத் திட்டினேன். யாரைத் திட்ட வேண்டுமோ அவர்கள் யாரும் எதிரில் இல்லை.

நாங்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். எங்கே வேலை என்று கேட்பவர்களிடம் சொன்னால், அடுத்த கேள்வி "அடிப்பாங்களா?" என்பதுதான். அதற்கடுத்தது, "கூடவே இருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆவாதா?" என் வீட்டுக்காரர் சொந்தபந்தங்களிடம் "பிரைவேட்ல நர்ஸா இருக்காங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் என் அக்கா மட்டும் உண்மையைச் சொல்வாள். சொல்லிவிட்டு, "அவளுக்குத் தைரியம் அதிகம்" என்று ஏதோ புலிக்கூண்டில் வேலை பார்ப்பவளைப் போலச் சேர்த்துக்கொள்வாள்.

அந்த அம்மாவை எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். முதல்முதலாக அவரைக் கூட்டி வந்த அன்று நான்தான் டியூட்டி. கணவர் சுரங்கத்தில் ராட்சச மண்வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவர், பர்மனென்ட். ஒரே பெண், அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தது. பல நாள் தூங்காமல், சாப்பிடாமல், யாரோ காதுக்குள் பேசுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு மத்தியான வேளையில் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் ரோட்டில் கொண்டுவந்து அடுக்கி, உள்ளே யாரும் போகாதீர்கள், வீடு தீப்பிடிக்கப் போகிறது என்று கத்தியிருக்கிறார். குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க வெளியே வந்து பார்த்திருக்கிறது. மூன்று வாரம் எங்களிடம் இருந்தார், தேறிப் போனார். அதற்குப் பிறகு ஒரு வேளை மாத்திரை தவறவிட்டதில்லை. மாதம் ஒருநாள் தனியாக பஸ்ஸில் வந்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு, எனக்கு இரண்டு முருங்கைக்காயோ ஒரு பிடி கறிவேப்பிலையோ கொடுத்துவிட்டுப் போவார். என்னைவிட ஒழுங்கு. நான் சுகர் மாத்திரையை வாரத்தில் இரண்டு நாளாவது மறப்பவள்.

ஆனால் பிளாக்குக்கு அந்த ஒரு மத்தியானம்தான் ஞாபகம். பதினோரு வருஷத்தில் வந்துபோன மற்ற நாட்களெல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. ஆடியில் கூழ் ஊற்றினால் கேட் கம்பிக்கு மேலாகத் தூக்கை நீட்டுவார்கள், உள்ளே வர மாட்டார்கள். பிள்ளைகள் அடித்த பந்து அவர் வீட்டு காம்பவுண்டுக்குள் விழுந்தால் அவராக எடுத்து எறிய வேண்டும். உள்ளே போய் எடுக்கக் கூடாதென்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். மாத்திரையால் அவருக்குக் கை லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்து, "இன்னும் சரியாவல போல" என்று பேசிக்கொள்வார்களாம். இதையெல்லாம் அவர் புகாராகச் சொல்ல மாட்டார். இன்று மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரிச் சொல்வார்.

போன தை மாதம் மாதாந்திர மருந்துக்கு இல்லாமல் இடையில் ஒருநாள் வந்தார். கணவரும் கூட வந்திருந்தார். அவர் கையில் பத்திரிகை, அந்த அம்மா கையில் துணிப்பை. பையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தேன். ஐந்து நாளில் முகூர்த்தம்.

"யாருக்கு சார் கல்யாணம்?" என்றேன்.

"நம்ம பொண்ணுக்குதான் சிஸ்டர். வடலூர்ல மண்டபம். நீங்க அவசியம் வரணும்" என்று பத்திரிகையை நீட்டினார். நீட்டிய கையோடு, "இவங்கள ஒரு வாரம் இங்க வச்சிக்கணும்" என்றார்.

பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்கு நர்ஸுக்குப் பத்திரிகை, தாய்க்குக் கட்டில். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதுவரை வந்ததெல்லாம் அண்ணன் மகள், தம்பி மகன், அத்தை பேத்தி. தாயையே கொண்டுவந்து விட்டது இதுதான் முதல் தடவை. "உங்களுக்கு மனசாட்சி இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் தலை குனிந்தார். மாப்பிள்ளை வீட்டில் நல்ல மாதிரியாகப் பேசி முடித்திருக்கிறார்களாம். பெண் பார்க்க வந்த அன்று பெண்ணின் அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார்: பாத்ரூமில் வழுக்கி விழுந்து கால் உடைந்துவிட்டது, அக்கா வீட்டில் படுக்கையில் இருக்கிறார் என்று.

"இவங்கள மண்டபத்துல யாரு பார்த்துப்பாங்க சிஸ்டர்? எங்க பிளாக்ல இருந்தே அம்பது பேரு வருவாங்க. எவனாவது அவங்க காதுல ஓதிட்டான்னா? ஒரே பொண்ணு. அது வாழ்க்கை நல்லா இருக்கணும் இல்ல?"

"மணவறையில யாரு நிப்பாங்க?"

"என் தம்பியும் அவன் சம்சாரமும்."

அந்தத் தம்பியை எனக்குத் தெரியும். இரண்டு தடவை எங்கள் கீழ் வார்டுக்கு வரச்சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தும் வராதவர். குடித்துவிட்டு வந்தால் வீட்டில் ஒரு சாமான் தங்காது. அவர் நிற்கலாம். மாத்திரை சாப்பிடுகிறவர் நிற்கக் கூடாது. நல்ல நியாயம்!

அட்மிஷன் தேவையே இல்லை என்று டாக்டர் சொன்னார். கணவர் கும்பிட்டார். கடைசியில் டாக்டர், "அவங்களுக்குச் சம்மதம்னா ரெஸ்ட்டுக்கு வச்சுக்கலாம்" என்று முடித்தார். நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் பேனாவை வாங்கி, நடுங்கும் கையால் படிவத்தில் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டார். கட்டில் நம்பரை என்னிடம் கேட்டுக்கொண்டு படியேறிப் போனார். அந்தப் பொறுமைதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் காலையில் படுக்கை விரிப்பு மாற்றும்போது அவரிடம் சண்டைக்கே போனேன். உங்கள் பெண், நீங்கள் பெற்றது, கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டாமா, வாயைத் திறந்து கேட்டால் என்ன என்று பொரிந்து தள்ளினேன். அவர் தலையணை உறையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பார்க்கணும்னுதாங்க இருக்கு. பத்து நாளா அத மட்டும்தான் நெனச்சிகினு இருக்கேன்." மடித்த உறையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "நான் ஒண்ணு கேக்கட்டுங்களா? கால் ஒடஞ்சவங்க கல்யாணத்துக்கு வரக்கூடாதா?" என்றார்.

நான் விரிப்பை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கால் உடைந்தவர்கள் தாராளமாக வரலாம். சக்கர நாற்காலியில் வரலாம், நாலு பேர் தூக்கிக்கொண்டு வரலாம். வந்தால் எழுந்து வணக்கம் சொல்வார்கள். எலும்பு உடைவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் கிடையாது.

அன்று சாயங்காலம் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த அவருடைய கணவரிடம் இதைச் சொன்னேன். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் பயந்தார். "கால்ல கட்டு இல்லன்னா மாட்டிக்குவோமே சிஸ்டர்" என்றார்.

"கட்டுதானே? நான் போடறேன்."

இந்த ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் கடலூரில் எலும்பு முறிவு வார்டில் நாலு வருஷம் இருந்தவள் நான். எத்தனையோ காலுக்கு மாவுக்கட்டுப் போட உதவியிருக்கிறேன். ஆனால் நல்ல காலுக்குப் போடுவது எந்த நர்ஸிங் பள்ளியிலும் சொல்லித் தராத காரியம். தப்பு என்று தெரியும். இது வெளியே தெரிந்தால் என் வேலைக்கே வேட்டு என்றும் தெரியும். பதின்மூன்று வருஷ எரிச்சல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, போடறேன் என்று என் வாயால் சொல்ல வைத்துவிட்டது. டாக்டரிடம் மறைக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அட்மிஷன் வேண்டாம்னு நான் அன்னைக்கே சொன்னேன். டிஸ்சார்ஜ் போட்டுடறேன். நீங்க லீவு எடுத்துட்டு எந்தக் கல்யாணத்துக்குப் போறீங்கன்னு நான் ஏன் கேக்கணும்?" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். யூனிபார்ம் வேண்டாம், வண்டியை இரண்டு வீடு தள்ளி நிறுத்துங்கள் என்று கணவர் போனில் சொல்லியிருந்தார். அதையும் கேட்டுக்கொண்டேன். பக்கெட்டில் தண்ணீர் வைத்து, மாவுப் பட்டைகளை நனைக்கத் தயாராக மடித்து வைத்துவிட்டு, "எந்தக் கால்?" என்றேன்.

கணவர் விழித்தார்.

"மாப்பிள்ளை வூட்ல எந்தக் கால்னு சொன்னீங்க சார்?"

"கால்னுதான் சொன்னேன்... வலதுன்னு நெனைக்கிறேன். இல்ல, இருங்க..."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பொய் சொல்வதென்றால் அதையாவது உருப்படியாகச் சொல்ல வேண்டாமா? தம்பி சம்சாரத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். அவர் இடுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அப்போதுதான் உள்ளறையிலிருந்து கல்யாணப்பெண் வந்து கதவருகில் நின்றது. கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் வாய் திறக்காமல் இருந்த பெண் என்று அதன் மேலும் எனக்குக் கோபம் இருந்தது.

"எடது கால்" என்றது. "அவரு தெனமும் போன்ல கேப்பாரு, அத்தைக்கு எடது கால் எப்படி இருக்குன்னு. நானும் இன்னிக்குப் பரவால்ல, இன்னிக்கு வலி ஜாஸ்தின்னு சொல்லிகினு வர்றேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கையில் மருதாணி இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

இடது காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். முழுக் கட்டு இல்லை. முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக மட்டும் மாவுப் பட்டையை வைத்து, மேலே பேண்டேஜ் சுற்றுவது. சுற்றிய துணியை அவிழ்த்தால் கழன்று வந்துவிடும். பஞ்சு சுற்றி, ஈர மாவை வைத்துத் தடவிவிட்டபோது அந்த அம்மா, "சூடாவுதுங்களே" என்றார். மாவு இறுகும்போது அப்படித்தான் சுடும் என்றேன். "நல்லாருக்கு" என்று சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மண்டபத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. சக்கர நாற்காலி வாசலுக்கு வந்ததுமே மாப்பிள்ளையின் அம்மா ஓடி வந்தார். "இந்தக் காலோட வந்தீங்களே, பெத்த மனசு கேக்கல பாருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஃபேன் எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து நாற்காலியை நகர்த்தினார்கள். காலுக்கு அண்டக் கொடுக்க ஒரு ஸ்டூலும் தலையணையும் வந்தன. சுற்றிலும் பெண்கள் கூடி, ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் பிரண்டைத் துவையல் என்றார், இன்னொருத்தர் ஆட்டுக்கால் சூப் என்றார், மூன்றாமவர் தன் முழங்கை முறிந்த கதையை அந்த வருஷத்து மழையிலிருந்து ஆரம்பித்தார். அந்த அம்மா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கை நடுங்குவதைப் பார்த்த ஒரு பாட்டி, "வலி பொறுக்காம கை எப்படி ஆடுது பாரு, பாவம்" என்று அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். பிளாக்கில் பைத்தியத்துக்கு அடையாளமான அதே நடுக்கம்தான்.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் என்னை மறைக்கவே இல்லை. "ஆஸ்பத்திரியிலேர்ந்து நர்ஸே கூட வந்திருக்காங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினார். முந்தின நாள் இரண்டு வீடு தள்ளி வண்டியை நிறுத்தச் சொன்ன அதே மனிதர்! முதல் பந்தியில் எனக்கு இலை போட்டு, எலும்பு நர்ஸ் என்று இரண்டு ஜாங்கிரி வைத்தார்கள்.

மணவறையில் நிற்க வேண்டிய தம்பி, காலையிலேயே சரக்கேற்றிக்கொண்டு மாடி அறையில் படுத்துவிட்டார். "ராத்திரியெல்லாம் வேலை, அசதி" என்றார்கள். ஒருவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. ஐயர் பெண்ணின் தாய் தகப்பனைக் கூப்பிட்டார். கணவர் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போய் மணவறை ஓரத்தில் நிறுத்தினார். அந்த அம்மாவின் கையிலேயே சொம்பைக் கொடுத்துத் தாரை வார்க்கச் சொன்னார்கள். தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாலி ஏறும்போது அவர் அட்சதை போடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அரிசி அவர் உள்ளங்கையிலேயே இருந்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் ஆசீர்வாதத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை கட்டைப் பட்டும் படாமலும் தொட்டு, "வலிக்குதா அத்தை?" என்றான். "இல்லப்பா" என்றார். பெண் குனிந்து மாவுக்கட்டின் மேல் நெற்றியை வைத்தது. வைத்தது எழுந்திருக்கவில்லை. போட்டோ எடுப்பவர் "போதும்மா, நிமிருங்க, கேமராவைப் பாருங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பந்தல் துணியைப் பார்த்தேன். பிளாக்கிலிருந்து வந்த ஐம்பது பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவரும் யார் காதிலும் எதையும் ஓதவில்லை. ஓத நேரமில்லை, அவர்களும் கால் எப்படி உடைந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுவீடு எல்லாம் முடிந்து நாலாம் நாள் கட்டை அவிழ்க்கப் போனேன். நல்ல காலை ரொம்ப நாள் கட்டிப்போட்டால் மூட்டு இறுகும், ரத்தம் உறையும். அதற்கு மேல் விட எனக்கு மனசில்லை. வண்டியை இந்தத் தடவை கேட்டுக்கு நேராகவே நிறுத்தினேன். வாசலில் நாலு ஜோடி செருப்பு கிடந்தது. எல்லாம் பொம்பளைச் செருப்பு. தப்பான வீட்டுக்கு வந்துவிட்டேனா என்று நம்பரை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

உள்ளே அந்த அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எதிர்வீட்டுக்காரர், மூலை வீட்டுக்காரர், இன்னும் இரண்டு பேர். மேஜை மேல் ஹார்லிக்ஸ் பாட்டில்கள், ஆரஞ்சு, ஒரு கிண்ணத்தில் மூடிவைத்த துவையல். எதிர்வீட்டுக்காரர் கட்டிலிலேயே ஏறி உட்கார்ந்து யாரோ ஒருவரின் குவார்ட்டர்ஸ் மாற்றலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நர்ஸம்மா வந்துட்டாங்க, நாம அப்புறம் வரலாம்" என்று எழுந்து போனார்கள்.

நான் கதவைச் சாத்திவிட்டுப் பேண்டேஜை அவிழ்க்கத் தொடங்கினேன். பாதி அவிழ்த்தபோது அவர் என் கையைப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டுமே சிஸ்டர்."

"வெளையாடறீங்களா? நல்ல காலு. கட்டி வச்சா கெட்டுப்போவும்."

"நெஜமாவே ஒடஞ்சிருந்தா எத்தினி நாளு வச்சிருப்பாங்க?"

"ஆறு வாரம்."

அவர் மனசுக்குள் நாளை எண்ணிப் பார்த்தார். "எதிர்வூட்டுக்காரங்க மூணு நாளா வராங்க. பதினோரு வருசத்துல இப்பதாங்க வூட்டுக்குள்ள வந்து உக்கார்றாங்க. நேத்து என் கையால டீ போட்டுக் குடுத்தேன். செவுத்துல கைய ஊணிகினு நொண்டி நொண்டிப் போயி போட்டுக் குடுத்தேன். குடிச்சாங்க சிஸ்டர்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேல் இல்லை. இந்த பிளாக் மேல், அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள் மேல், என் மேல். மிச்சத் துணியையும் அவிழ்த்து, கட்டை உருவி எடுத்துவிட்டேன். மாவு ஒட்டிய கால், வெள்ளையாக, முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. கணுக்காலை அசைக்கச் சொன்னேன். அசைத்தார். நன்றாகவே அசைந்தது.

அப்போது கேட் சத்தம் கேட்டது. "கிண்ணத்த மறந்துட்டேங்க" என்று எதிர்வீட்டுக்காரரின் குரல். அந்த அம்மா சட்டென்று போர்வையை இழுத்துக் காலை மூடினார். நான் யோசிக்கவே இல்லை. கையிலிருந்த மாவுக்கட்டை என் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். மறைக்கிறவர்களை இத்தனை வருஷமாகத் திட்டித் தீர்த்த நான்தான். எதிர்வீட்டுக்காரர் துவையலை வேறு பாத்திரத்தில் மாற்றிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு கால் சூப் வைக்கிறேங்க, சுடச்சுட எடுத்தாரேன். நீங்க எழுந்திரிச்சிகினு இருக்காதீங்க, நானே உள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செருப்புச் சத்தம் கேட்டைத் தாண்டியதும் அந்த அம்மா போர்வையை விலக்கி, இடது காலை என் பக்கம் நீட்டினார். நான் தரையில் உட்கார்ந்து, கட்டை மறுபடியும் காலுக்கடியில் வைத்து, அதே பேண்டேஜைச் சுற்றினேன். ராத்திரியில் கழற்றி வைக்க வேண்டும், தினமும் காலை மடக்கி நீட்ட வேண்டும், இன்னும் ஒரே வாரம்தான் என்று திட்டிக்கொண்டே சுற்றினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"இறுக்கமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்க சிஸ்டர்" என்றார். "அவுந்து கிவுந்து போச்சுன்னா வராம பூடுவாங்க."